சிஸ்டர் அலைடா போட்ட சிவப்புப் பாதை

மூன்று வருடம் நான் அலைடா போஸ்கருக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவரோடு சண்டை போட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நானும் செருப்புக்கடைக்காரரும்தான். செருப்புக்கடைக்காரருக்குக் காது கேட்காது. ஆகவே நான் சொல்கிறேன்.

எனக்குப் பாலத்தெருவில் மெத்தைக் கடை. கட்டில், மெத்தை, தலையணை, போர்வை. ஐசல் ஆற்றுப் பாலத்தில் இறங்கி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் கடை வழியாகத்தான் போக வேண்டும். அலைடா பதினாறு வருடம் அந்த வழியாகக் கறுப்பு சைக்கிளில் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். பின்னால் கேரியரில் தோல் பை. பிள்ளை பெற்றவள் வீடு, கால் புண் ஆறாத கிழவர் வீடு, ஊசி போட வேண்டிய வீடு என்று ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு. நல்ல உயரம், அகலமான தோள். மழைக்கோட்டுப் பையில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் இருக்கும். யாராவது அழுதால் ஒன்றை எடுத்து வாயில் திணித்துவிடுவார். ஊரே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி நான்கில் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது முதுகுத்தண்டில் தட்டு நழுவிவிட்டது. இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகராட்சி அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. போக்குவரத்துப் பிரிவில் தட்டச்சு வேலை. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ரொட்டிக்கடை மாடியில் தனியாகக் குடியிருந்தார். சைக்கிளை மட்டும் விடவில்லை. "நடந்தாத்தான் முதுகு வலிக்குது, பெடல் மிதிச்சா வலிக்கல" என்பார்.

மூன்று வருடம் சத்தமில்லாமல் தட்டச்சு செய்தார். பெட்ரோல் தட்டுப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை, கார் மோதிக் குழந்தைகள் சாவதைக் கண்டித்து ஊர்வலம் என்று நாடே சைக்கிள் பக்கம் திரும்பியிருந்த நேரம் அது. எங்கள் ஊருக்கும் ஒரு சைக்கிள் பாதை போடலாம் என்று முடிவானது. பிரிவின் தலைமைப் பொறியாளர் லாம்மர்ஸ் திட்டம் வரைந்தார். ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால், கம்பளி ஆலையின் மதில் ஓரமாக, கோடு போட்டதுபோல ஒரு பாதை. யாருக்கும் தொந்தரவில்லை, ஒரு கடையையும் தொடவில்லை. அந்த அறிக்கையை அலைடா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நான்காம் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழுந்து லாம்மர்ஸ் அறைக்குள் போனார். பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது லாம்மர்ஸேதான்.

"சார், இந்தப் பாதையில யாரு போவா?"

"சைக்கிள்காரங்க போவாங்க. வேற யாரு போவா?"

"எங்கேருந்து எங்க?"

"வடக்கேருந்து தெற்கே."

"வடக்கேருந்து தெற்கேன்னு யாரும் போறதில்ல சார். வீட்லேருந்து பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க. பள்ளிக்கூடத்துலேருந்து மார்க்கெட்டுக்குப் போவாங்க. அங்கேருந்து அம்மாவைப் பாக்கப் போவாங்க. நீங்க போட்ட கோட்டுல பள்ளிக்கூடமும் இல்ல, மார்க்கெட்டும் இல்ல, யாரோட அம்மாவும் இல்ல."

லாம்மர்ஸ் நல்ல மனுஷர். ஆனால் கார் ஓட்டி. "பாதுகாப்பா இருக்குமே, சிஸ்டர்" என்றார்.

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு நாம ரெண்டு பேரும் போய்ப் பாப்போம்."

ஜனவரி மாதம். அஞ்சரைக்கே இருட்டிவிடும். லாம்மர்ஸ் தன் மனைவியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். அலைடா அவரை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் ஒரு கால் மைல் பின்தங்கி வந்தார். ஆற்றிலிருந்து எதிர்காற்று. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்டவாளம், நடுவில் மின்கம்பம்கூட இல்லை. மெதுவாக மிதித்தால் டைனமோ விளக்கும் மங்கிப்போகிறது. மதிலை ஒட்டி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் பாவம், ஒன்றுக்குப் போகத்தான் நின்றிருந்தான். ஆனால் லாம்மர்ஸ் அந்த இடத்தைத் தாண்டுகிற வரை மூச்சே விடவில்லையாம். மதில் முடிகிற இடத்தில் இறங்கி நின்று காத்திருந்தார். அலைடா வந்து சேர்ந்ததும் முதல் வார்த்தையாக, "நானே பயந்துட்டேன்" என்றார்.

"நீங்க ஆறடி இருக்கீங்க" என்றார் அலைடா. "துணிக்கடையில வேலை முடிஞ்சு வர்ற பதினேழு வயசுப் பொண்ணு இதுல தனியா வருவாளா, சொல்லுங்க."

மறுநாள் லாம்மர்ஸ் வரைமேஜையில் புதுத்தாள் விரித்தார். அலைடாவின் தட்டச்சு இயந்திரம் வேறொருவர் மேஜைக்குப் போனது; அவருக்கு இனி லாம்மர்ஸோடு சேர்ந்து பாதை போடும் வேலை.

புதுக்கோடு பாலத்தெரு நெடுக ஓடியது. என் கடை வாசலில்.

பாதைக்காகத் தெருவில் ஒரு பக்கம் கார் நிறுத்தும் இடம் முழுவதையும் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் கொதித்துப்போனோம். இறைச்சிக்கடை, செருப்புக்கடை, கண்ணாடிக்கடை, நான். என் கடை ஷோகேஸில் ஒரு தலையணையில் 'இந்தத் தெரு சாகப் போகிறது' என்று எழுதி வைத்தேன். என் மனைவி டீனி அதைப் பார்த்துவிட்டு, "தெரு சாகுதோ இல்லையோ, தலையணை வீணாப் போச்சு" என்றாள்.

சர்ச் ஹாலில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். நான் தயாராக வந்திருந்தேன். எழுந்து நின்று கேட்டேன்:

"சிஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ரெட்டைக் கட்டில் மெத்தையை சைக்கிள் கேரியர்ல எப்படிக் கட்டுறது? நீங்க கட்டிக் காட்டிட்டா இப்பவே என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

ஹால் குலுங்கியது. அலைடா சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்தார்.

"பெரென்ட், ரெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கு ஒரு மெத்தை வித்தீங்களே. அது எப்படி என் வீட்டுக்கு வந்துச்சு?"

"எங்க வேன்ல."

"எங்க அக்காவுக்கு வித்தது?"

"அதுவும்... வேன்லதான்."

"இந்த ஹால்ல யாராவது பெரென்ட் கடை மெத்தையைத் தன்னோட கார்ல ஏத்திட்டுப் போயிருக்கீங்களா? கையைத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது என் கட்சிக்காரரான இறைச்சிக்கடைக்காரர்தான்.

வசந்தம் வந்ததும் அலைடா ஒரு மடக்கு நாற்காலியும் தெர்மாஸும் எடுத்துக்கொண்டு வந்து, என் கடைக்கு எதிரே செருப்புக்கடைச் சுவரோரம் உட்கார்ந்தார். திங்கள் முதல் சனி வரை, கடை திறப்பதிலிருந்து மூடுவது வரை. மழை பெய்தால் குடை. மடியில் ஒரு நோட்டு. மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேன்.

"என்ன சிஸ்டர், என் கடைக்குக் காவலா?"

"உங்க மெத்தையை யாரு தூக்கிட்டுப் போவா? கார் எண்ணிட்டிருக்கேன். மிட்டாய் வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்த மிட்டாய் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை கடையை மூடும் நேரத்தில் அவர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"இந்தப் பக்கம் மொத்தம் நாப்பத்தி மூணு கார் நிக்கலாம். அதுல இருபத்தாறு காரு காலைல எட்டுக்கு வந்து நிக்குது, சாயங்காலம் ஆறு வரைக்கும் நகர மாட்டேங்குது. ஆறு நாளும் அதே காரு."

"வெளியூர்க்காரனுங்களா இருக்கும்" என்றேன்.

"முதல் நம்பரைப் படிங்க."

படித்தேன். என் கார். இரண்டாவது இறைச்சிக்கடைக்காரருடையது. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு இடம் பிடித்திருந்தார், தனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. வாடிக்கையாளருக்கு நிறுத்த இடமில்லாமல் போய்விடும் என்று மூன்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தியவர்கள் நாங்கள்தான்.

"இதை நகரமன்றத்துல படிக்கப் போறீங்களா?"

"மொத்தத்தைப் படிப்பேன். நம்பர் எதுக்கு? யாரு காருன்னு அவங்கவங்களுக்குத் தெரியுமே." நோட்டை மூடிவிட்டுக் கட்டிலை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "இது நல்லா இருக்கே. ஸ்பிரிங்கா?"

சொன்னபடியே செய்தார். இருபத்தாறு என்று மட்டும் படித்தார். எங்கள் பெயர் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான் காரை சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தினேன். உடனே மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ரோஷம் விடவில்லை. கையெழுத்து வேட்டையைத் தொடர்ந்தேன். டீனிதான் கேட்டாள்: "காரை நகர்த்திட்டீங்க. உங்களை யாரு வந்து நகர்த்துறது?"

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது. கோடை முழுவதும் தோண்டினார்கள். எழுபத்தொன்பது செப்டம்பரில் சிவப்புத் தார் போட்ட பாதை திறந்தது. பள்ளிக்கூட பாண்டு வாசித்தது. நான் கடைக்குள்ளேயே இருந்தேன். வியாபாரம் படுத்துவிடவில்லை. எகிறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், மனுஷன் எவ்வளவு மெத்தைதான் வாங்குவான். ஆனால் ஷோகேஸ் முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகமானார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நவம்பரில் டீனி விழுந்தாள்.

மார்க்கெட்டிலிருந்து காய்கறியோடு வந்துகொண்டிருந்தாள். பாதை முழுக்க ஈர இலை. பின்னால் யாரோ பெல் அடித்தார்கள். வழிவிட வலது பக்கம் ஒதுங்கியவளின் பெடல் விளிம்புக்கல்லில் தட்டியது. சைக்கிளோடு நடைபாதையில் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. நான் கடையிலிருந்து ஓடி வருவதற்குள் தெருவே கூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு வாசல் மணி அடித்தது. அலைடா. கையில் அந்தப் பழைய தோல் பை.

"காலைக் காட்டு" என்றார் டீனியிடம். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

"நீங்க இப்ப நர்ஸ் வேலையில இல்லையே, சிஸ்டர்" என்றேன்.

"வெந்நி வைங்க" என்றார்.

மூன்று வாரம் தினமும் ஆபீஸ் போகும் முன் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனார். முதுகு வலியோடு அவர் தரையில் மண்டி போடுவதை டீனியால் பார்க்க முடியவில்லை. "நீங்க கீழ உக்காராதீங்க. நான் கட்டில்ல காலை நீட்டிக்கறேன். கட்டிலுக்கா இந்த வீட்ல பஞ்சம்?" என்பாள். அந்த மூன்று வாரத்தில் இரண்டு பேரும் எவ்வளவு பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் இருக்கும்.

ஒரு நாள் கட்டு மாற்றிவிட்டுப் போனவர் வெகுநேரம் தெருவிலேயே இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீனி விழுந்த இடத்தில் மண்டி போட்டு, விளிம்புக்கல்லை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். வெளியே போனேன்.

"பன்னெண்டு சென்டிமீட்டர்" என்றார். "செங்குத்தா. பெடல் தட்டாம என்ன செய்யும்? லாம்மர்ஸ் அப்பவே சொன்னாரு, கல்லைச் சாய்வா வைக்கலாம்னு. சாய்ச்சா பாதையோட அகலம் ஒரு ஜாண் குறையும். நான்தான் அகலத்தை விட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சேன்."

"விடுங்க சிஸ்டர். டீனிக்குப் புத்தி மார்க்கெட்ல பேசின பேச்சுலயே இருந்திருக்கும். பாத்துப் போயிருக்கணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"பாத்துப் போறவங்களுக்கு மட்டும்னா பாதை எதுக்கு, பெரென்ட்? கூடையில காய்கறிய வச்சுக்கிட்டு, ராத்திரிக்கு என்ன சமைக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு வர்றவளுக்கும் சேத்துத்தான் போட்டேன்."

அன்று முதல் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார். பாதை திறந்த நாளிலிருந்து அதே மாதிரி விளிம்புக்கல்லில் தட்டி ஒன்பது பேர் விழுந்திருந்தார்கள். பெரிய காயமில்லை என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை.

டிசம்பர் மாத நகரமன்றக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. லாம்மர்ஸே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அலைடா ஒன்பது பேர் எங்கெங்கே விழுந்தார்கள் என்று படித்துவிட்டு, "கல்லு நிமிர்ந்து நிக்கறது என்னால. தப்பு என்னுது. தெரு பூரா கல்லைப் பேத்துச் சாய்வா வைக்கணும்" என்றார்.

திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்த உறுப்பினர் ஸ்நூயிங்குக்கு அன்று கொண்டாட்டம்தான். "போன கோடையிலதான் தோண்டினோம். மறுபடியும் தோண்டணுமா? சிஸ்டர் தப்புப் பண்ணுவாங்க, கடைக்காரங்க தூசி தின்னணுமா? அதோ உக்காந்திருக்காங்களே, அவங்களையே கேளுங்க!" என்று எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

நான் எழுந்தேன். மெத்தை விற்கும்போது வருகிற பேச்சு அங்கே வரவில்லை.

"தோண்டுங்க" என்றேன்.

ஸ்நூயிங் திகைத்துப் போனார். "பெரென்ட், நீங்க எங்க பக்கம்தானே?"

"நான் மெத்தை விக்கறவன் சார். ஊர்ல எல்லாரும் கை கால் உடைஞ்சு படுத்தா எனக்கு லாபம்தான். ஆனா அஞ்சு வாரமா எங்க வீட்ல நான் சமைக்கிறேன். பட்டாணி சூப் தவிர வேற ஒண்ணும் எனக்கு வைக்கத் தெரியாது. எம் பொண்டாட்டி பாவம், அதையும் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. தயவுசெஞ்சு தோண்டுங்க."

தலைவர் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தார், சிரிப்பு அடங்கவில்லை. முதல்முறை ஒரே ஓட்டில் தப்பித்த பாதை இந்த முறை ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. இறைச்சிக்கடைக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. படியிறங்கும்போது அலைடா என் பக்கத்தில் வந்து, கோட்டுப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச்சில் கல்லைப் பெயர்த்தார்கள். ஆறு வாரம் தூசி. அலைடா தினமும் தொழிலாளிகளோடு நின்றார். ஒருவர் கேட்டார், "சிஸ்டர், இன்னும் எவ்வளவுதான் சாய்க்கணும்?" அலைடா தன் சைக்கிளிலேயே ஏறி, வேண்டுமென்றே கல்மேல் விட்டார். சக்கரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. "போதும்" என்றார். பிறகு அதே இடத்தில் டீனியை ஓட்டச் சொன்னார். டீனி முதலில் மாட்டேன் என்றாள். அலைடா பக்கத்திலேயே ஓடி வருவதாகச் சொன்ன பிறகு ஏறினாள். முதுகு வலிக்காரி கோட்டு பறக்க அந்தத் தெருவில் ஓடியதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அதன்பின் இருபது வருடம் அவர் போக்குவரத்துப் பிரிவில் இருந்தார். பொறியியல் பட்டம் கிடையாது. ஆனால் அவர் ஓட்டிப் பார்க்காத பாதைக்கு லாம்மர்ஸ் கையெழுத்துப் போடமாட்டார். தனியாக ஓட்டிப் பார்க்கமாட்டார் சிஸ்டர். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பிள்ளையை வைத்து ஓட்டும் தாய், கண் மங்கியவர், புதிதாக ஓட்டக் கற்ற மொராக்கோக்காரப் பெண்கள் என்று யாரையாவது கூட்டிப் போவார். அவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பார். "பேச்சு நின்னா பயம் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்வார். பாதையில் வேனை நிறுத்தியவன் கதி அவ்வளவுதான். கண்ணாடியைத் தட்டி, ஊசி போடப் போகிற குரலில், "எடுக்கறீங்களா, நான் உள்ள வரட்டுமா?" என்பார். என் வேனுக்கே இரண்டு முறை நடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வருவது பழக்கமாகிவிட்டது. டீனி சமையல்தான், பயப்பட வேண்டாம்.

எழுபத்தாறு வயதில் இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆனது. இரண்டு சக்கரம் இனி வேண்டாம் என்றார்கள். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுநாள் மூன்று சக்கர சைக்கிள் வாங்கிவிட்டார். முதல் சவாரிக்கு நானும் டீனியும் கூடப் போனோம். பூங்கா வாசலில், கார் நுழையாமலிருக்க நட்டிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்சக்கரம் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"எந்த மடையன் இதை இங்க நட்டான்?" என்று கத்தினார்.

"நீங்கதான் சிஸ்டர்" என்றேன். "எண்பத்தி ரெண்டுல. நான் அப்ப வந்து வேடிக்கை பாத்தேன்."

டீனி சிரிப்பு தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அலைடா கொஞ்ச நேரம் கம்பத்தை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சைக்கிளைத் தூக்கி வெளியே எடுத்தோம். அன்றைக்கே ஆபீஸுக்கு போன் செய்தார். இப்போது அங்கே இருக்கும் பொறியாளர் ஹன்னெகெ என்ற பெண். மறுவாரம் அந்தப் பெண் டேப்போடு வந்து, சைக்கிளை அளந்து, ஊர் முழுக்கப் பதினொரு இடத்தில் கம்பங்களைத் தள்ளி நட வைத்தாள்.

இப்போது அலைடாவுக்கு எண்பத்தி மூன்று. புதன்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குப் போகிறார். நானும் டீனியும் கூடப் போகிறோம். பாலத்தெருவில் திரும்பும்போது கையை நீட்டிச் சைகை காட்டுவார், பின்னால் யாரும் இல்லாவிட்டாலும். மூன்று சக்கரம் பாதையை அடைத்துக்கொண்டு போகும். அவசரக்காரப் பிள்ளைகள் பெல் அடிப்பார்கள். "இருங்கப்பா, வழி விடறேன்" என்று ஒதுங்கி, சாய்ந்த கல்மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிற்பார். அவர்கள் போனதும் சக்கரத்தை இறக்கி, டீனியோடு விட்ட பேச்சைத் தொடர்வார். என் கடையை மகள் நடத்துகிறாள். வாசலில் நின்று கையாட்டுவாள். நாங்கள் குளத்துக்குப் போய்ச் சேர இப்போதெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகிறது. யாருக்கும் அவசரமில்லை.